கப்பலின் அடியில் ஒரு பழுப்புக் காகிதம்

பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போரில் இரண்டு தரப்புக்கும் ஒரே காற்றுதானே வீசியிருக்கும், பிறகு எப்படி ஒருவர் மற்றவரைத் துரத்திப் பிடிக்க முடிந்தது என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. பதிலில் பாதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

1782 ஏப்ரல் 12. கரீபியன் கடலில் டொமினிக்காவுக்கும் குவாதலூப்புக்கும் இடையே, செயிண்ட்ஸ் என்ற சிறு தீவுகளின் அருகே நடந்த சண்டை அது. ஜமைக்காவைத் தாக்கும் திட்டத்தோடு புறப்பட்ட பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸை, ரோட்னியின் ஆங்கிலக் கடற்படை நான்கு நாட்களாக விரட்டி வந்தது. முந்தைய இரவு ஒரு பிரெஞ்சுக் கப்பல் தன் தளபதியின் கப்பலோடு மோதிப் பாய்மரத்தை இழந்தது. அதைக் காக்கத் திரும்பிய தெ கிராஸ் சண்டையில் சிக்கினார். நடுவில் காற்று திசை மாறி, பிரெஞ்சு வரிசை பிளந்தது. ரோட்னி அந்த இடைவெளிக்குள் புகுந்தார். இருட்டுவதற்குள் 5 கப்பல்கள் பிடிபட்டன, தெ கிராஸும் கைதியானார். ஜமைக்கா தப்பியது.

காற்று மாறியது அதிர்ஷ்டம். ஆனால் அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கும் தூரத்துக்கு எதிரியை நெருங்க வேண்டுமே! அதற்கு உதவியவற்றுள் ஒன்று, ஆங்கிலக் கப்பல்களின் அடிப்பாகத்தில் போர்த்தியிருந்த செப்புத் தகடு.

தூத்துக்குடியில் கரையேற்றிய தோணி ஒன்றின் அடியை ஒருமுறை தடவிப் பார்த்தேன். அடியில் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்களான கொட்டலசுகளின் சுண்ணாம்பு ஓடுகள் உள்ளங்கையைக் கீறிவிட்டன. இத்தனை சொரசொரப்பையும் பாசியையும் இழுத்துக்கொண்டு ஒரு கப்பல் எப்படி விரையும்? போதாததற்குக் கப்பல் புழு வேறு. பெயர்தான் புழு, உண்மையில் அது மரத்தைக் குடைந்து வாழும் சிப்பி இனம். செம்பு கடல்நீரில் மிக மெல்லக் கரைகிறது. கரையும் செம்பு, ஒட்ட வரும் இளம் உயிர்களுக்கு நஞ்சு. ஆக, தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துதான் தகடு கப்பலைக் காக்கிறது.

ஆனால் 1761இல் 'அலார்ம்' என்ற ஆங்கிலக் கப்பலுக்கு முதன்முதலாகச் செப்புத் தகடு அடித்துக் கரீபியனுக்கு அனுப்பி, 1763இல் திரும்பியதும் சோதித்தபோது ஒரு விபரீதம் தெரிந்தது. மரம் நன்றாக இருந்தது. செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகளோ அரித்துப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. அங்கெல்லாம் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உப்புநீரில் நனைந்தபடி இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு மின்கலம் பிறக்கிறது. இரும்பு தன் எலக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது. செம்பின் பரப்பில், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. பரப்பு பெரிதாக இருந்தால் பசியும் பெரிது. கப்பல் அடி முழுவதும் விரிந்த செம்பின் பசிக்கு ஓர் ஆணி எத்தனை நாள் தாங்கும்? காகிதம் உலோகங்களைத் தொடவிடாமல் பிரித்தது, மின்சுற்று அறுந்தது. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா தன் மின்கலத்தை அறிவித்தது 1800இல். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே கப்பலடியில் மின்கலம் ஓடியிருக்கிறது.

தார் பூசிய தடித்த காகிதத்தை இடையில் வைத்து மிடில்டன் என்ற அதிகாரி 1779 முதல் கடற்படைக்கே செம்பு போர்த்தினார். நிரந்தரத் தீர்வு, இரும்பு ஆணிகளுக்குப் பதில் செம்புக் கலவையில் ஆணி செய்த பிறகே வந்தது.

1824இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதைத் தலைகீழாக்கினார். செம்போடு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ இணைத்தால் அவை கரைந்து செம்பைக் காக்கும். காத்தும் காட்டினார். ஆனால் கரையாத செம்பில் நஞ்சு ஏது? கொட்டலசுகள் மீண்டும் குடியேறின, கடற்படை அந்த முறையைக் கைவிட்டது.

உலோகம் அரிப்பதைப் பற்றிய அரிமான ஆராய்ச்சிக்கு ஏன் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் காரைக்குடியில் எழுந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு நிலையம் உண்டு. அங்கே உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து, அவை அரிப்பதைப் பொறுமையாக அளக்கிறார்கள். அன்று 'அலார்ம்' என்ற ஒரே ஒரு கப்பலில் செய்துபார்த்து, திரும்பியதும் ஆணி ஆணியாகச் சோதித்தார்களே, அதே வேலைதான் இது. இதற்கு நிதி இன்னும் தாராளமாக வர வேண்டும்.

டேவியின் யோசனையும் வீணாகவில்லை. எஃகுக் கப்பல்களின் அடியில் இன்று துத்தநாகக் கட்டிகள் இருக்கின்றன. வீட்டு வாட்டர் ஹீட்டரைப் பழுதுபார்க்கப் பிரிக்கும்போது மெக்கானிக்கிடம் கேட்டு உள்ளே பாருங்கள். பெரும்பாலும் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும், தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து குச்சிபோல் மெலிந்து.