மலைச்சரிவில் இறங்கும் எஃகுக் குழாய்க்கு எவ்வளவு கனம் வேண்டும்?

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறுகிறவர்கள், லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்தை நோக்கிச் சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். அதே முறையில் ஒரு சிற்றாற்றில் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் குழாயின் அளவை எப்படித் தீர்மானிப்பார்கள் என்று உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நீர் விழும் உயரம் 100 மீட்டர், குழாயின் நீளம் 400 மீட்டர், நொடிக்கு 1,000 லிட்டர் நீர்வரத்து. இழப்புகள் போகச் சுமார் 750 கிலோவாட் கிடைக்கும். குழாயின் விட்டம் 65 சென்டிமீட்டர் என்றால் நீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும். உராய்வில் 4 மீட்டர் உயரத்துக்கு ஈடான ஆற்றல் வீணாகும். செலவைக் குறைக்க விட்டத்தைப் பாதியாக்கினால் இந்த இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகி, விழும் உயரத்தையே மிஞ்சிவிடும். அதாவது, அவ்வளவு நீர் அந்தக் குழாயில் இறங்கவே இறங்காது.

விட்டம் இவ்வாறு எளிதில் முடிவாகிவிடும். தகட்டின் கனத்தை, அதாவது தடிமனை, முடிவு செய்வதோ ஓடும் நீரன்று, நிறுத்தப்படும் நீர். கரண்ட் போனதும் கிணற்று மோட்டாரின் குழாயில் ‘தொம்’ என்று ஓர் அதிர்வு எழுவதை விவசாயிகள் அறிவார்கள். நம் குழாயின் கீழ்முனையில் உள்ள வால்வை நொடிப்பொழுதில் மூடினால் அதே அதிர்வு பேருருவம் கொள்ளும். வால்வை ஒட்டிய நீர் முதலில் நிற்கும். அதன் பின்னால் வரும் நீர் அதன்மேல் மோதி நிற்கும். இப்படி ‘நின்றுவிட்டது’ என்ற செய்தி, நொடிக்குச் சுமார் 1,000 மீட்டர் வேகத்தில் ஓர் அழுத்த அலையாக மேல்நோக்கி ஏறும். மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் 1897–98இல் சோதனைகள் நடத்திய ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி, இந்த அழுத்த உயர்வு நீரின் அடர்த்தி, அலைவேகம், ஓட்டவேகத்தில் நேர்ந்த மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கல் என்று காட்டினார். நம் கணக்கில் அது 300 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்துக்கு ஈடாகும். நூறு மீட்டர் அழுத்தத்துக்கென்று போட்ட குழாய் நானூறு மீட்டர் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து தப்பும் வழியையும் அந்த அலையே தருகிறது. மேலே திறந்த தொட்டியை எட்டியதும் அது அழுத்தத்தைத் தளர்த்தும் அலையாகத் திரும்பி, மொத்தம் 0.8 நொடியில் வால்வை அடைகிறது. அதற்குள் வால்வு மூடி முடிந்திருந்தால் முழு அடியும் விழும்; மூடல் அதைவிட நீண்டுகொண்டே போனால், திரும்பி வரும் ஒவ்வோர் அலையும் அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். பத்து நொடியில் சீராக மூடினால் கூடுதல் அழுத்தம் சுமார் 12 மீட்டர்தான். 13 மில்லிமீட்டர் தகடு கேட்ட குழாய்க்கு, துருவுக்கான கனத்தையும் சேர்த்து, 6 மில்லிமீட்டர் போதும். 80 டன்னைத் தாண்டிய எஃகு 40 டன்னுக்குள் அடங்கும். வால்வை மூடும் நேரத்தைக் கூட்டுவதால் பாதி எஃகு மிச்சமாகிறது என்பது, எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் மின்கம்பி திடீரென அறுந்து சுமை விலகினால், மெதுவாக மூடும் அந்தப் பத்து நொடிக்குள் டர்பைன் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கும். சக்கரத்தின் கிண்ணங்களில் நீரைப் பீய்ச்சிச் சுழற்றும் பெல்டன் டர்பைனில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. பீய்ச்சும் நீர்த்தாரையின் குறுக்கே ஒரு தகடு சட்டென்று நுழைந்து நீரைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும்; குழாயில் ஓட்டம் குறையாததால் அழுத்த அலை எழாது. தாரையின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிவால்வு அதன் பிறகு நிதானமாக மூடிக்கொள்ளும்.

துருவுக்கான கனத்தை விட்டுவிட்டால், உள்ளழுத்தத்தை மட்டும் 3 மில்லிமீட்டர் தகடே தாங்கும். ஆனால் மேல்மதகை அடைத்துவிட்டுக் குழாயைக் காலி செய்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்றின் அழுத்தமே அத்தகைய மெல்லிய குழாயை நசுக்கிவிடும். மதகுக்குக் கீழே காற்றுக்குழாய் வைப்பது அதனால்தான். வெயிலில் வெப்பநிலை 30 டிகிரி கூடினால் 400 மீட்டர் எஃகு 14 சென்டிமீட்டர் நீளும். வளைவுகளில் கான்கிரீட் கட்டைகளால் குழாயை இறுகப் பிடித்து, இடையில் நழுவும் இணைப்புகள் கொடுக்கிறார்கள்.

மின்சாரம் எடுத்த நீரில் சத்து இருக்காது என்ற பேச்சு இன்னும் சில இடங்களில் உலவுகிறது. டர்பைன் எடுப்பது நீர் விழும் ஆற்றலை மட்டுமே. லோயர் கேம்ப் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு வரும் நீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைகிறது. இந்த வீண் பயத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது, ஓடைகளின் நீர்வரத்தை ஆண்டுக்கணக்கில் அளக்கும் பணிக்கு நாம் பணம் ஒதுக்கத் தயங்குவதுதான். நொடிக்கு 1,000 லிட்டர் என்று நான் மேலே எழுதிய எண், கோடையிலும் மழை பொய்த்த ஆண்டிலும் என்னவாகும் என்று தெரியாமல் விட்டத்தையோ கனத்தையோ முடிவு செய்ய முடியாது. ஓடையின் குறுக்கே முக்கோண வெட்டுள்ள ஒரு பலகையும், தினமும் நீர்மட்டத்தைக் குறித்துவைக்க ஓர் ஆளும் இருந்தால் இந்த அளவீட்டைத் தொடங்கிவிடலாம்; மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளுக்கு இதற்கான நிதியை அரசு கொடுக்க வேண்டும்.