பென்சீனுக்கு ஒரு கணக்கு, டொலுயீனுக்கு வேறு கணக்கு

வேதிப்பொருள்கள் புழங்கும் இடங்களில் காற்று மாதிரி எடுத்துச் சோதிப்பதும், அங்கே வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் என் தொழில். பென்சீன், டொலுயீன் என்ற இரண்டு திரவ வேதிப்பொருள்களைப் பற்றி வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி இது: "பென்சீனும் டொலுயீனும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கு, வாடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் ஏன் சார் ஒன்றுக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, எட்டு மணி நேர வேலையில் டொலுயீன் ஆவி சராசரியாக 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு) வரை இருக்கலாம் என்கிறது. பென்சீனுக்கு 1 பிபிஎம்தான். (அந்த 200 பழைய எண். வேறு அமைப்புகள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. அப்படிப் பார்த்தாலும் இடைவெளி பெரிதுதான்.) மூலக்கூறில் உள்ள வித்தியாசமோ ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவே. இதைப் புரிந்துகொள்ள, இரண்டிலும் உள்ள ஆறு கார்பன் வளையத்தின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

1825இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் தங்கிய எண்ணெய்க் கசடிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்தார். ஆறு கார்பனுக்கு ஆறே ஹைட்ரஜன். இவ்வளவு குறைந்த ஹைட்ரஜன் உள்ள சேர்மம் எளிதில் வினைபுரிந்து புரோமின் நீரின் நிறத்தைச் சட்டென்று போக்க வேண்டும். பென்சீன் அசையாது. 1865இல் ஜெர்மன் வேதியியலர் கெக்குலே அதற்கு வளைய வடிவம் கொடுத்து, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் என்றார். ஆனால் அளந்து பார்த்தால் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், 1.39 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஒற்றைப் பிணைப்பின் 1.54க்கும் இரட்டைப் பிணைப்பின் 1.34க்கும் நடுவே. இரட்டைப் பிணைப்புகளுக்குரிய ஆறு பை எலக்ட்ரான்களும் எந்த இரண்டு கார்பனுக்கும் சொந்தமில்லாமல் வளையம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இந்தப் பரவலால் கிடைக்கும் கூடுதல் நிலைப்புத்தன்மை மோலுக்குச் சுமார் 150 கிலோ ஜூல். மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் எண் இது. என் வேலையில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு: இந்த வளையத்தை உடைப்பது உடம்புக்கும் எளிதல்ல.

ஆய்வகத்தில் பென்சீன் நடந்துகொள்வதும் இப்படித்தான். வளையத்தோடு புதிய அணுக்கள் கூடிச் சேரும் சேர்க்கை வினைக்கு எளிதில் இணங்காது. ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்று வரும் பதிலீட்டு வினைக்கு இணங்கும். அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்து உருவாக்கும் நைட்ரோனியம் அயனி வளையத்தைத் தாக்கும்போது எலக்ட்ரான் பரவலால் வந்த அந்த நிலைப்பு, அதாவது அரோமேட்டிக் தன்மை, சற்று நேரம் குலையும். உடனே ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி வளையம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புதிதாக ஒட்டிய தொகுதி அடுத்த வினையின் வேகத்தையும் இடத்தையும் தீர்மானிக்கும். மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) உள்ள டொலுயீன், பென்சீனைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நைட்ரோ தொகுதியை ஏற்கும், அதுவும் பெரும்பாலும் ஆர்த்தோ (அடுத்த கார்பன்), பாரா (நேர் எதிர்க் கார்பன்) இடங்களில். நைட்ரோ தொகுதி இருந்தால் வினை மந்தமாகி மெட்டாவுக்கு (ஒன்று விட்டு அடுத்த கார்பனுக்கு) போகும்.

இனி உடம்புக்குள் வருவோம். மூச்சில் போன பென்சீனைச் சிறுநீரில் கரையும் பொருளாக மாற்றக் கல்லீரல் முயல்கிறது. சிஒய்பி2ஈ1 என்ற நொதி ஆக்சிஜனைச் சேர்க்கப் பார்க்கிறது. பிடிக்கக் கைப்பிடி எதுவும் இல்லாததால் வளையத்தின் மேலேயே கை வைக்கிறது. முதலில் பென்சீன் எப்பாக்சைடு, பிறகு ஃபீனால், ஹைட்ரோகுவினோன். இவற்றில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பெராக்சிடேஸ் நொதி ஹைட்ரோகுவினோனை பென்சோகுவினோனாக மாற்றுகிறது. அது புரதங்களையும் டிஎன்ஏவையும் பற்றிக்கொள்ளும். ரத்த அணுக்கள் பிறக்கும் இடத்திலேயே அடி விழுகிறது. ரத்தசோகை, வெள்ளையணுக் குறைவு, சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் தீவிர ரத்தப் புற்றுநோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சீனை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில், வைத்திருப்பது இதனால்தான்.

டொலுயீனில் அந்தக் கைப்பிடி இருக்கிறது, மெத்தில் தொகுதி. நொதி பெரும்பாலும் அதைத்தான் ஆக்சிஜனேற்றம் செய்கிறது: பென்சைல் ஆல்கஹால், பென்சாயிக் அமிலம், கடைசியில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் போய்விடும். வளையம் பெரும்பாலும் சிதையாமல் வெளியேறுகிறது. அதற்காக டொலுயீனைப் பாவப்பட்டது என்று நினைக்க வேண்டாம். அது மூளையைத் தாக்கும். தலைசுற்றல், குழப்பம், நீண்ட காலத்தில் நினைவாற்றலும் செவித்திறனும் குறையும். கருவிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து. பென்சீனைப் போல மஜ்ஜையைக் குறிவைப்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இதே வளையத்தில் நைட்ரோ தொகுதியோ அமினோ தொகுதியோ ஏறினால் கதை மறுபடி மாறும். நைட்ரோபென்சீனும் அனிலீனும் தோல் வழியாகவே உள்ளே போய் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக்கிவிடும். இப்படி மாறிய ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஃபீனால் தோலைச் சுடும், கூடவே மரத்துப்போகவும் வைக்கும். வலி இல்லையே என்று அசட்டையாக இருப்பவர்களைத்தான் அது மோசமாகப் பாதிக்கிறது.

மறுபக்கம், 'பென்சீன் வளையம் உள்ள மருந்து' என்று பயமுறுத்தும் செய்திகள் அலைபேசியில் சுற்றுகின்றன. பாராசிட்டமாலில் அந்த வளையம் உண்டு, ஆஸ்பிரினில் உண்டு, நம் புரதத்திலுள்ள ஃபீனைல்அலனீனிலும் உண்டு. வளையம் இருப்பது வேறு, பென்சீன் இருப்பது வேறு. ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன்: சோடியம் பென்சோயேட்டும் வைட்டமின் சியும் சேர்ந்த பானம் வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால், மிகச் சிறிய அளவில் உண்மையான பென்சீனே உருவாகலாம்.

பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்றால், வேலையிடத்தில் என் காதில் முதலில் விழுவது "வாடை வந்தா ஒதுங்கிடுவோம் சார்" என்ற பதில். வாடையை நம்பாதீர்கள். பென்சீன் வாடை மூக்குக்குத் தெரியும்போது பாதுகாப்பு அளவு பெரும்பாலும் தாண்டியிருக்கும். துணி முகக்கவசமும் தூசுக் கவசமும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான, கிளர்வூட்டிய கரி நிரப்பிய வடிகட்டி வேண்டும், அதையும் காலத்தில் மாற்ற வேண்டும். பென்சீன் ஆவி காற்றைவிட 2.7 மடங்கு கனமானது. குழியிலும் தொட்டியின் அடியிலும் தேங்கும். பொறி பட்டால் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை மைனஸ் 11 டிகிரி செல்சியஸ், ஆகவே சாதாரண அறை வெப்பநிலையிலேயே ஒரு பொறி போதும். பெட்ரோலிலும் பென்சீன் உண்டு. குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதும், பெட்ரோலில் கை கழுவுவதும் இன்றோடு நிற்கட்டும்.

பென்சீன் புழங்கும் இடத்தில் வேலை என்றால் குறித்த காலத்தில் முழு ரத்த அணுப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். முந்தைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஓர் எண்ணைவிட, அது வருடா வருடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் மருத்துவருக்கு உதவும். பென்சீன் உடம்பில் சிதையும்போது உண்டாகும் மியூக்கோனிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்ப்பதாக இருந்தால், புகைப்பழக்கம் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது. சார்பிக் அமிலம் சேர்த்துப் பதப்படுத்திய உணவும் அந்த அளவைக் கூட்டிக் காட்டும், எனவே சோதனைக்கு முன் அதைத் தவிர்க்கலாம்.