பிரிண்ட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள்

போன வாரம் ஒருவர் சீர்செய்யச் சொல்லி இன்னொரு பிரிண்ட்டைக் கொண்டு வந்தார். புகைப்படக் கலைச் சந்தையில் வாங்கிய அருமையான கறுப்பு வெள்ளைப் பிரிண்ட். ஊருக்கு வந்ததும் தெருமுனைக் கடையில் பிரேம் போடக் கொடுத்திருக்கிறார். தாள் அலையலையாகத் தெரியக்கூடாது என்று கடைக்காரர் சூடாக அழுத்தி ஒரு போர்டில் ஒட்டிவிட்டார். பின்பக்கம் இருந்த கையெழுத்தும் எடிஷன் எண்ணும் (மொத்தம் எத்தனை பிரதிகளில் இது எத்தனையாவது என்று சொல்லும் எண்) பசைக்கு அடியில் போயாச்சு. "படம் நல்லாத்தானே இருக்கு?" என்று கொண்டு வந்தவர் கேட்கிறார். பழைய, புதிய பிரிண்ட்களைச் சீர்செய்வதுதான் என் தொழில். இப்படி ஒட்டியதைச் சேதமில்லாமல் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது!

நவம்பரில் பாரிஸ் போட்டோ வரும். 1997இல் தொடங்கிய புகைப்படக் கலைச் சந்தை அது. பழுதுபார்ப்பு முடிந்த கிராண்ட் பலே மண்டபத்துக்கு 2024இல் திரும்பி வந்திருக்கிறது. பிரான்சிலும் லண்டனிலும் இருக்கிற நம்மவர்கள் பலர் போகிறார்கள், சிலர் வாங்கவும் செய்கிறார்கள். போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியம் இது: "போட்டோதானே, நெகட்டிவ் இருந்தா இன்னொண்ணு போட்டுக்கலாமே." போட முடியாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த 'மூன்ரைஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நெகட்டிவிலிருந்து, பல பத்தாண்டுகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம், மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இரவுகள் என்றுதான் சொல்வீர்கள். ஒரே சமையல் குறிப்பை வைத்து இரண்டு பேர் வைத்த குழம்பு ஒன்றாகவா இருக்கிறது? அதனால்தான் படம் எடுத்த காலத்திலேயே போட்ட பிரிண்ட்டுக்கு ஒரு விலை, அதே கலைஞர் முப்பது வருடம் கழித்துப் போட்டதற்கு ஒரு விலை, அவர் இறந்த பிறகு குடும்பத்தார் போட்டதற்கு வேறொரு விலை. 2024 பாரிஸ் போட்டோவில் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டரின் 600க்கும் மேற்பட்ட உருவப்படங்களை நுழைவிலேயே வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாம் அவர் மறைவுக்குப் பிறகு போட்ட பிரிண்ட்கள். தரத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

எடிஷன் எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். 'மொத்தம் 5' என்றால் அந்த அளவில் 5 மட்டுமே என்றும் இருக்கலாம். வேறு அளவில் இன்னும் ஒரு வரிசை, அதற்கு மேல் கலைஞரின் சொந்தப் பிரதிகள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் தன் பழைய படங்களை 2012இல் பெரிய அளவில் டிஜிட்டல் பிரிண்ட்களாகப் போட்டு ஏலத்தில் விட்டார். முந்தைய சிறிய பிரிண்ட்களை வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், தன்னிடம் இருப்பவற்றின் மதிப்பு குறைகிறது என்று வழக்குப் போட்டார். 2013இல் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிரெஞ்சு வரிச் சட்டம் கொஞ்சம் கறார். கலைஞரே போட்டதாகவோ அவர் மேற்பார்வையில் போட்டதாகவோ, கையெழுத்தும் எண்ணும் உள்ளதாக, எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிக்குள் இருந்தால்தான் கலைப்படைப்பு. ஆகவே கேலரிக்காரரிடம் கேளுங்கள்: எல்லா அளவும் சேர்த்து மொத்தம் எத்தனை? எந்த வருடம் பிரிண்ட் போட்டது? யார் போட்டது? கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த அரங்குக்கு நடையைக் கட்டுங்கள்.

சரி, அத்தனை கூட்டத்தில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சுற்றில் பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள். ஆளுயர வண்ணப் படங்கள் தூரத்திலிருந்தே கூப்பிடும், போகட்டும் விடுங்கள். உள்ளங்கை அளவுப் பிரிண்ட்டுக்கு முன்னால் நில்லுங்கள். பக்கவாட்டில் நகர்ந்து மேற்பரப்பைப் பாருங்கள்: சில்வர் பிரிண்ட்டில் (வெள்ளி உப்புப் பூச்சுத் தாளில் போட்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்ட்) கறுப்புக்குள் ஆழம் இருக்கும், வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தில் போட்டதில் படம் தாளுக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். டாகரோடைப் (மெருகேற்றிய வெள்ளித் தகட்டில் பதிந்த ஆரம்பகாலப் புகைப்படம்) என்றால் தலையைச் சாய்த்துத் தேட வேண்டும், நேராகப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். கிராண்ட் பலேயின் கண்ணாடிக் கூரை வெளிச்சம் வேறு பிரேமில் அடிக்கும், ஓரடி தள்ளி நின்றால் போதும். கைப்பேசியைத் தயவுசெய்து பைக்குள் வையுங்கள். அதன் திரையில் எல்லாப் பிரிண்ட்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டாவது சுற்று போங்கள். அப்போதும் எதைத் தேடிக் கால் போகிறதோ, அதன் பெயர்ப்பலகையைப் படியுங்கள். கடைசி நாள் மதியம் கேலரிக்காரர்கள் ஓய்ந்திருப்பார்கள், நிறையப் பேசுவார்கள்.

வாங்கிவிட்டீர்களா? பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிலர் கையெழுத்தைத் தனி லேபிளில் போட்டு பிரேமின் பின்பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையைப் பழசு என்று குப்பையில் போட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். எழுத்துபூர்வமான சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் முன்பக்கத்தை நேரடியாக ஒட்டிய படம் என்றால் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதில் விழும் கீறல் படத்தில் விழுந்த மாதிரிதான். வண்ண சி-பிரிண்ட் (வண்ணத் தாளில் ரசாயன முறையில் போட்ட பிரிண்ட்) வெயிலில் வெளுக்கும், இருட்டிலும் மெல்ல நிறம் மாறும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டவே வேண்டாம்.

சென்னை, யாழ்ப்பாணம் மாதிரி ஈரப்பதமான ஊருக்குக் கொண்டு போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தாளின் மேல் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு ஈரத்தை உறிஞ்சி உப்பும், கண்ணாடி தொட்டுக்கொண்டிருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் படம் கண்ணாடியோடு வரும். நடுவில் அமிலமில்லாத அட்டையில் வெட்டிய மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) போட்டு இடைவெளி விடச் சொல்லுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.