ஹுய் மக்களின் பாட்டு: பாடகருக்கு அரசு அங்கீகாரம் கிடைப்பது எப்படி?

சீனாவின் வடமேற்கில் வாழும் ஹுய் முஸ்லிம்களிடம் இரண்டு வகைப் பாட்டு பேர்பெற்றவை. ஒன்று ஹுவா-எர். பெரும்பாலும் காதல் பாட்டு என்பதால் மலையிலும் வயலிலும்தான் பாடுவார்கள். வீட்டில் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். மற்றது கல்யாண வீட்டு விருந்துப் பாட்டு. நிங்சியா பகுதி ஹுய் மக்களின் ஹுவா-எர் 2006-இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சிங்ஹாய் மாகாணம் மென்யுவானின் விருந்துப் பாட்டு 2008-இல் சேர்ந்தது. ஹுய், ஹான், திபெத்தியர் எனப் பல இனத்தாரும் பாடும் ஹுவா-எர், 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

பாட்டு பட்டியலில் ஏறிவிட்டால் பாடகருக்குப் பணம் வந்துவிடாது. அவர் ‘மரபை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்பவர்’ என்ற தகுதியைத் தனியாகப் பெற வேண்டும். மாவட்டம், நகரம், மாகாணம், தேசம் என நான்கு படிகளில் இது உண்டு. 2011 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள மரபுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கேட்பவை மூன்று: கலையில் தேர்ச்சி, வட்டாரத்தில் செல்வாக்கு, பிறருக்குக் கற்றுக்கொடுத்து வருவது. பலர் இடறுவது மூன்றாவதில்தான். நன்றாகப் பாடினால் மட்டும் போதாது, மாணவர் இருக்க வேண்டும். பாட்டுகளைச் சேகரிப்பதும் ஆராய்வதும் மட்டுமே செய்பவர் தேசியத் தகுதி பெற முடியாது. 2020 மார்ச் 1 முதல் உள்ள விதிகள் அதைத் தெளிவாக விலக்குகின்றன.

விண்ணப்பத்தில் யாரிடம் கற்றார், என்னென்ன பாடுவார், கையில் உள்ள பழைய ஏடு, பதிவு, கற்றுக்கொடுத்த விவரம் எல்லாம் வர வேண்டும். உள்ளூர்ப் பண்பாட்டு அலுவலகம் சரிபார்த்து மேலே அனுப்பும். நிபுணர் குழு பார்த்து, பெயர்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பிறகே அறிவிப்பு வரும்.

தேசியத் தகுதி பெற்றவருக்கு 2016 முதல் ஆண்டுக்கு 20,000 யுவான். அதற்கு முன் 10,000. இதை ஓய்வூதியம் என்று நினைத்துக்கொள்வது தவறு, கற்பிக்கும் செலவுக்கான பணம் இது. கடமையைச் செய்தாரா, பணம் எதற்குப் போனது என்று ஆண்டுதோறும் கணக்குப் பார்ப்பார்கள். தக்க காரணமின்றிக் கடமை தவறினால் தகுதியே பறிபோகலாம்.

பாட்டைப் பதிவு செய்யும்போது ஒரு சிக்கல் வரும். கான்சு மாகாணம் லின்சியா பக்கத்து ஹுவா-எர் பெரும்பாலும் நாலடி. முதல் இரண்டு அடி காட்சி, பின் இரண்டு அடி மனசு. அடி முடிவுகளில் ஓரசையும் ஈரசையும் மாறி மாறி வரும். வட்டார மொழியை விட்டுப் பொதுச் சீனத்துக்கு மாற்றி எழுதினால் இந்த அடுக்கு உடையும், ராகத்திலும் சொல் ஒட்டாது. மேடைக்காகத் திருத்திய வரியை மட்டும் பதிவு செய்தால், காதுக்குப் பின்னால் கையை வைத்து, எதிரே பாடுபவருக்குப் பதில் சொல்லி அந்த இடத்திலேயே வரி கட்டும் திறமை பதிவில் இருக்காது. அதனால் பாட்டு விழாவில் எதிரே பாடுபவரின் பாட்டோடு சேர்த்தே பதிவு செய்து, வரிகளை உச்சரிப்பு மாறாமல் எழுதிவைப்பதே சரி.