சாயப்பட்டறையில் ரசாயனம் பட்டால்: இஎஸ்ஐ பணம் எங்கெல்லாம் நழுவுகிறது

காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம் தெறித்துக் கை வெந்த தொழிலாளியைப் பைக்கில் ஏற்றிப் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்கள். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டால், கூட வந்த மேஸ்திரி முந்திக்கொண்டு, "வீட்டுல சுடுதண்ணி கொட்டிருச்சுங்க" என்பார். டாக்டர் அதையே எழுதிக்கொள்வார். திருப்பூர் பக்கம் சாய ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். முதல் சீட்டில் ஏறிய அந்த வரியை, பிறகு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) கிளை அலுவலகத்தில் எத்தனை முறை நின்றாலும் மாற்றுவது பெரும்பாடு.

வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதிவானால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. அதே காயம் சாதாரண நோய் என்று பதிவானால் 70 சதவீதம்தான். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை, வருடத்தில் 91 நாளோடு நின்றுவிடும், அதற்குரிய ஆறுமாதக் கணக்கில் 78 நாள் சந்தாவும் இருந்தாக வேண்டும். தினக்கூலி 600 ரூபாய், 40 நாள் ஓய்வு என்று வையுங்கள். காயம் என்றால் 21,600 ரூபாய். நோய் என்றால் 15,960. புதிதாகச் சேர்ந்தவர் என்றால் ஒன்றுமே இல்லை.

பழைய 1948 இஎஸ்ஐ சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. இந்தப் பணம் அதிலும் உண்டு. சட்டம் மாறியதைக் காரணம் காட்டி யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம்.

அடுத்த பொறி, "வந்து உக்காந்துட்டுப் போப்பா, ஹாஜர் போட்டுடறேன்" என்பது. கேட்க அக்கறையாக இருக்கும். விபத்து நாளை விட்டுக் குறைந்தது 3 நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்தால்தான் இந்தப் பணம் வரும். சம்பளம் வாங்கிய நாளுக்கு இஎஸ்ஐ தராது. கட்டுப்போட்ட கையோடு ஒரு வாரம் ஹாஜர் வைத்துவிட்டு, புண் சீழ் பிடித்த பிறகு போனால், அப்போதெல்லாம் வேலைக்கு வந்தாரே என்று பதிவேட்டைக் காட்டுவார்கள்.

"கையுறை போடல, உன் தப்பு" என்ற மிரட்டலுக்கும் பயப்படத் தேவையில்லை. முதலாளியின் வேலையைச் செய்யும்போது நடந்த விபத்து என்றால், விதியை மீறியிருந்தாலும் உரிமை போகாது. அதனால் வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "என் கவனக்குறைவால் வீட்டில் நடந்தது" என்ற வரியை மேலே பிறகு சேர்த்துக்கொள்ள முடியும்.

தொழிலாளியை இஎஸ்ஐயில் பதிவே செய்யவில்லை என்றால்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலை, வேலைக்குச் சேர்ந்த 10 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் இது பொருந்தும். நிர்வாகம் பதியாதது தொழிலாளியின் குற்றமல்ல. இஎஸ்ஐ பணத்தைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் விபத்துக்கு மறுநாள் அவசரமாகப் பதிவார்கள். அலுவலகம் சந்தேகப்பட்டு விசாரணை போடும். கோப்பு மாதக்கணக்கில் தூங்கும். அப்போது கைகொடுப்பது வங்கியில் ஏறிய பழைய சம்பளம், கேட் பாஸ், ஷிப்ட் பட்டியலின் போட்டோ. இவற்றை இன்றே போனில் எடுத்து வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இஎஸ்ஐ இல்லை என்றால், ஓவர்டைமைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்த வரம்புக்கு ஓவர்டைம் சேராது.

பணமெல்லாம் பிறகு. முதலில் தண்ணீர். காஸ்டிக் பட்ட இடம் ஆரம்பத்தில் பெரிதாக எரியாது, வழவழவென்று இருக்கும். அதற்குள் ஆழமாக அரித்துக்கொண்டே போகும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் கழுவுங்கள். கண் என்றாலும் இமையை விரித்துப் பிடித்து அங்கேயே அதே அளவு நேரம் கழுவிவிட்டு, வழியிலும் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலுமிச்சை, வினிகர் எதுவும் ஊற்றக் கூடாது. கிளம்பும்போது டிரம்மின் லேபிளை ஒருவர் போட்டோ எடுக்கட்டும். வெட்டிய கேனிலும் குடிதண்ணீர் பாட்டிலிலும் ரசாயனத்தை மாற்றி வைக்கிற பட்டறைகளில் லேபிளே இருக்காது. என்ன பட்டது என்று டாக்டருக்கும் தெரியாது, விபத்துப் புத்தகத்திலும் எழுத முடியாது.

கொட்டினால் எதை வைத்துத் துடைப்பது என்பதிலும் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். துணியை வெளுக்கும் பெராக்சைடு கொட்டினால் கைக்கு எட்டுகிற பனியன் வேஸ்டை (கழிவுத் துணியை)ப் போட்டுத் துடைப்பது வழக்கம். அந்த வேஸ்ட் மூலையில் கிடந்து சிலமணி நேரம் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளும். நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். மிச்சத்தைத் திரும்ப அதே கேனில் ஊற்றக் கூடாது. சிறு அழுக்கு கலந்தாலும் உள்ளே வாயு சேர்ந்து கேன் வெடிக்கும். ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) இதற்கு நேர் எதிர். ஈரம் பட்டாலே சூடேறிப் புகையும். ஈரத் தரையில் மூட்டையை வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சிந்தியதை உலர்ந்த பிளாஸ்டிக் அகப்பையால் உலர்ந்த டப்பாவில் அள்ளுங்கள். புகைய ஆரம்பித்துவிட்டால் மண் போட்டு மூடினாலும் அணையாது, ஒரு வாளித் தண்ணீர் நிலைமையை மோசமாக்கும். எல்லோரும் வெளியேறி 112-க்குக் கூப்பிடுங்கள். பிளீச்சிங் ஹைப்போவையும் ஆசிட்டையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கையுறை, கண்ணாடி, கண் கழுவும் குழாய், தொழிலாளிக்குப் புரியும் மொழியில் ரசாயனத்தின் பாதுகாப்பு விவரம் எல்லாம் நிர்வாகத்தின் செலவு. கையுறைக்குச் சம்பளத்தில் பிடித்தால் அது சட்டவிரோதம்.

ஆஸ்பத்திரியில் நீங்களே வாய்திறந்து, "ஆலையில், வேலை நேரத்தில், காஸ்டிக் பட்டது" என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தனியாரில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டோடு சீக்கிரமே இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள். ஓய்வுச் சான்று அங்கே வாங்கினால்தான் பணம் நகரும். ஆலையின் விபத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். நிர்வாகம் விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ இஎஸ்ஐக்கு அனுப்ப வேண்டும். "முதலாளி அனுப்பட்டும், அப்புறம் வாங்க" என்று கிளை அலுவலகம் சொல்வது வாடிக்கை. அந்தப் பதிலோடு திரும்பாதீர்கள். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவச் சீட்டின் நகலை இணைத்துக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதையே பதிவுத்தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால் 1800-11-2526 என்ற இஎஸ்ஐ கட்டணமில்லா எண்ணில் புகார் கொடுங்கள். பாதுகாப்புக் குறைகளுக்கு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட இணை இயக்குநருக்குத் தனியாக எழுத வேண்டும். இஎஸ்ஐயில் கொடுத்த மனு தானாக அங்கே போகாது.