சிறுத்தையின் கண்ணில் எரிந்த விளக்கு

1968 ஏப்ரலில் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு சிறுத்தை வருகிறது. வறண்ட ஆப்பிரிக்க நிலத்தில், செத்துக் கிடக்கும் வரிக்குதிரையின் அருகே படுத்திருக்கும் அது கேமராவை நோக்கித் தலையைத் திருப்பும்போது, அதன் இரு கண்களும் சுடர்விட்டு எரிகின்றன. படம் பார்த்தவர்கள் அந்தக் கண்களை எளிதில் மறப்பதில்லை. அந்தச் சுடரை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. காட்சியைப் படம்பிடிக்கக் கையாண்ட முறையிலிருந்து அது தானாகவே பிறந்தது. அந்த முறை எப்படி வேலை செய்தது என்று அறிய விரும்புகிறவருக்கு அந்தக் கண்களே நல்ல தடயம்.

சிறுத்தை படுத்திருந்த இடம் ஆப்பிரிக்கா அன்று. லண்டனுக்கு வடக்கே போர்ஹம்வுட் என்னும் ஊரில் இருந்த எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஒரு தளம். அறுபதுகளின் பிற்பகுதியில் பிரிட்டனில் தயாரான படங்களுக்குப் பெரும்பகுதிப் பணம் அமெரிக்க நிறுவனங்களிடமிருந்தே வந்தது. டிக்கெட் வசூலின் ஒரு பகுதியைத் திரட்டி, பிரிட்டனில் தயாரான படங்களுக்குப் பகிர்ந்தளித்த 'ஈடி வரி' என்னும் ஏற்பாடும், அங்கிருந்த தேர்ந்த தொழில்நுட்பக் கலைஞர்களும் அந்தப் பணத்தை ஈர்த்தார்கள் என்று சொல்லலாம். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், அந்த வசதியையும் பொறுமையையும் ஒருசேரப் பயன்படுத்திக்கொண்டார். ஆதிமனிதக் குரங்குகளாக வேடமிட்ட நடிகர்களைப் பாலைவனத்துக்கு அழைத்துச் செல்வதற்குப் பதிலாக, பாலைவனத்தையே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவர முடிவு செய்தார். இன்றைய நமீபியாவில் எடுத்த நிலக்காட்சிப் படங்கள் 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவுள்ள பெரிய வண்ண ஸ்லைடுகளாக வந்து சேர்ந்தன. அவற்றை நடிகர்களுக்குப் பின்னால் பிரம்மாண்டமாக விரித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அதற்கு முன்பு வழக்கத்தில் இருந்தது பின்புறத்திலிருந்து படம் வீழ்த்தும் முறை. ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே தெரு நகர்வதாகப் பழைய படங்களில் காட்டுவார்களே, அதுதான். ஒளி ஊடுருவும் திரைக்குப் பின்னால் புரொஜெக்டரை வைப்பார்கள். திரைக்கு முன்னால் நடிகர்கள் இருப்பார்கள். கார் ஜன்னல் அளவுக்கு இது போதும். திரை பெரிதாகப் பெரிதாக, ஒளி அந்தப் பரப்பெங்கும் சிதறிப் படம் மங்கிவிடும்; நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் இருளும் தெரியும். பரந்த பாலைவனத்தை 65 மில்லிமீட்டர் பிலிமில் கூர்மையாகப் பதிவு செய்ய அந்த முறை உதவாது.

முன்புறத்திலிருந்து வீழ்த்தினால் என்ன என்று எவருக்கும் தோன்றும். உடனே இரண்டு தடைகள் எழும். புரொஜெக்டருக்கும் திரைக்கும் இடையே நிற்கும் நடிகரின் நிழல் திரையில் விழும். பாலைவனப் படம் நடிகரின் உடம்பின் மீதும் சேர்ந்து விழும். இந்த இரண்டையும் ஒரு கண்ணாடியும் ஒரு திரையும் தீர்த்துவைத்தன.

முதலில் கண்ணாடி. சுமார் 3 அடி அகலமுள்ள, பாதி ஒளியைப் பிரதிபலித்து மீதியை ஊடுருவ விடும்படி மெல்லிய பூச்சு கொடுத்த கண்ணாடியைக் கேமராவுக்கு முன்னால் 45 பாகைச் சாய்வில் நிறுத்தினார்கள். புரொஜெக்டர் கேமராவுக்குச் செங்குத்தான திசையில் இருந்து அந்தக் கண்ணாடியை நோக்கி ஒளி வீசியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளி, கேமரா எந்தக் கோட்டில் பார்க்கிறதோ அதே கோட்டில் திரைக்குச் சென்றது. அதாவது, ஒளியியல் கணக்கில் புரொஜெக்டரின் லென்ஸும் கேமராவின் லென்ஸும் ஒரே புள்ளியில் இருந்தன. விளக்கு இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு நிழலே தெரியாது. ஒவ்வொரு பொருளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்ளும். நடிகரின் நிழலும் அப்படியே அவருக்கு நேர் பின்னால் ஒளிந்துகொண்டது. இரண்டு லென்ஸ்களின் நிலையும் சற்றே பிசகினாலும் நடிகரின் ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப் பார்த்துவிடும் என்பதால், அந்த அமைப்பைச் சரிசெய்வது மணிக்கணக்கில் நீளும் வேலையாக இருந்தது.

இனி திரை. என் பார்வையில் இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சுமார் 90 அடி அகலமும் 40 அடி உயரமும் கொண்ட அந்தத் திரையின் மீது, அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தயாரித்த 'ஸ்காட்ச்லைட்' என்னும் பொருளை ஒட்டியிருந்தார்கள். லாரிகளின் பின்புறத்திலும் போக்குவரத்துக் காவலர்களின் மேல்சட்டையிலும் இரவில் பளிச்சிடும் பட்டைகளின் உறவுக்காரர் அது. அதன் பரப்பு முழுவதும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான குறுக்களவு கொண்ட கண்ணாடி மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, ஏறத்தாழ 1.5. அந்தக் கண்ணாடியால் செய்த உருண்டைக்குள் நுழையும் ஒளி, உருண்டையைக் கடந்து சற்றுத் தள்ளியே குவியும். ஒளிவிலகல் எண் 2-ஐ நெருங்கும் கண்ணாடியில் உருண்டை செய்தால், ஒளி அதன் பின்சுவரிலேயே வந்து குவிகிறது. அந்தச் சுவரின் பின்னால் பளபளப்பான பூச்சு இருந்தால், குவிந்த ஒளி அங்கிருந்து திரும்பி, நுழைந்தபோது விலகிய அதே அளவு வெளியேறும்போதும் விலகி, வந்த திசையிலேயே போய்ச் சேரும். உருண்டைக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்பதால், ஒளி சற்றுச் சாய்வாக வந்தாலும் விளைவு மாறுவதில்லை.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இருட்டில் ஒளிரும் பட்டை ஒன்றைப் பத்தடி தூரத்தில் தொங்கவிட்டு, டார்ச் விளக்கை இடுப்பளவில் பிடித்து அதன்மேல் அடித்தால் பட்டை மந்தமாகவே தெரியும். அதே விளக்கை மெல்ல உயர்த்திக் கண்ணின் ஓரத்தில், நெற்றிப்பொட்டுக்கு அருகே கொண்டுவரும்போது, பட்டை திடீரென்று தீப்பிடித்தாற்போல் வெள்ளை வெளேரென்று எரியும். கையை ஒரு சாண் விலக்கினால் அணைந்துவிடும்.

போர்ஹம்வுட் தளத்தில் நடந்ததும் இதுவே. புரொஜெக்டர் வீசிய ஒளியில் பாதி கண்ணாடியை ஊடுருவி வீணாகிறது. மீதிப் பாதி திரைக்குப் போகிறது. திரும்பி வரும் ஒளியிலும் பாதியே கண்ணாடியைக் கடந்து கேமராவை அடைகிறது. ஆக, கால் பங்குக்கு மேல் மிஞ்சாது. ஆனாலும் கண்ணாடி மணிகள் ஒளியை நாலா திசையிலும் சிதறவிடாமல் குறுகிய கூம்பாகத் திருப்பி அனுப்பியதால், கேமராவின் இடத்திலிருந்து பார்க்கையில் திரை வெள்ளைத் துணியைவிடச் சில நூறு மடங்கு பிரகாசமாகத் தெரிந்தது. குரங்கு வேடத்தின் கறுத்த ரோமத்திலும் பாலைவனப் படம் விழுந்தது உண்மைதான். ரோமம் அந்த ஒளியைப் பெரும்பாலும் விழுங்கி, மிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்தது. அந்த மெல்லிய படம் தளத்து விளக்குகளின் வெளிச்சத்தில் அடையாளம் தெரியாமல் கரைந்துபோயிற்று. அந்த விளக்குகளின் ஒளி திரையிலும் பட்டதே என்று கேட்கலாம். பட்டது; பட்ட ஒளியைத் திரை விளக்குகள் இருந்த கூரைக்கே திருப்பி அனுப்பிவிட்டது. கேமராவுக்கு அதில் ஏதும் வந்து சேரவில்லை.

கருத்து இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை எளிதாக இல்லை. அத்தனை பெரிய திரையை நிரப்பும் வலிமையுள்ள விளக்கின் வெப்பம், ஸ்லைடின் மேற்பூச்சையே கருக்கிவிடும். ஆகவே, அமைப்பைச் சரிபார்க்கும் நேரமெல்லாம் கழித்துப்போட்ட ஸ்லைடுகளை வைத்திருந்து, கேமரா ஓடத் தொடங்கும் தறுவாயில்தான் நல்ல ஸ்லைடைச் செருகினார்கள். ஸ்காட்ச்லைட் சுருள்களுக்கு இடையே பிரகாசத்தில் நுண்ணிய வேறுபாடு இருந்தது. நீளப் பட்டைகளாக ஒட்டினால் வானத்தில் கோடுகள் தெரிந்தன. அதனால் சுருள்களை ஒழுங்கற்ற சிறு துண்டுகளாகக் கிழித்து, திசை மாற்றி மாற்றி ஒட்டி அந்த வேறுபாட்டைக் கலைத்தார்கள். இன்றைய துல்லியமான பிரதிகளில் கூர்ந்து பார்த்தால், அந்த வானத்தில் ஒட்டுத்துணி போன்ற மங்கிய திட்டுகள் சில இடங்களில் கண்ணுக்குப் படும். அவை என் கண்ணுக்குக் குறையாகத் தோன்றவில்லை; கூலி வாங்கிக்கொண்டு ஏணியில் நின்று 90 அடித் திரையைத் துண்டு துண்டாக ஒட்டிய மனிதர்களின் கைத்தடமாகவே தோன்றுகின்றன. கேமராவும் புரொஜெக்டரும் ஒரே புள்ளியில் பூட்டப்பட்டிருந்ததால் கேமராவை விருப்பம்போல் நகர்த்த இயலவில்லை. அந்தப் பகுதியின் காட்சிகள் பெரும்பாலும் அசையாச் சட்டங்களாக, ஓவியம்போல் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சிறுத்தையிடம் திரும்பலாம். பூனை இனத்து விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு படலம் உண்டு. கண்ணின் லென்ஸ் ஒளியைப் பின்னால் குவிக்கிறது. படலம் அதை வந்த வழியே திருப்புகிறது. திரையின் கண்ணாடி மணி செய்ததும் இதே வேலைதான். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்காரரான பெர்சி ஷா, 1934-இல் சாலை நடுவே பதிக்கும் ஒளிர்கற்களுக்குக் காப்புரிமை பெற்று, அவற்றுக்குப் 'பூனைக்கண்' என்றே பெயர் வைத்திருந்தார். 1967-இல் போர்ஹம்வுட் தளத்தில் அந்தச் சிறுத்தை கேமராவைப் பார்த்தபோது புரொஜெக்டரையும் பார்த்தது, ஏனென்றால் இரண்டும் ஒரே புள்ளியில் இருந்தன. அதன் ரோமத்தில் காணாமல் போன ஒளி, கண்களில் மட்டும் திரையைப்போலவே திரும்பி வந்தது.

அமெரிக்கப் பணம் பின்வாங்கத் தொடங்கியதும் அந்த ஸ்டுடியோ 1970-இல் மூடப்பட்டது. கேமரா நகர முடியாத குறை மட்டும் தீர்வுக்குக் காத்திருந்தது. அந்தப் படத்தில் பணியாற்றிய ஸோரான் பெரிசிக், கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் ஜூம் லென்ஸ்களைப் பொருத்தினார். இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதால் பின்னணிப் படத்தின் அளவு மாறாதிருக்க, முன்னால் இருப்பவர் மட்டும் நெருங்கி வருவதாகவும் விலகிப் போவதாகவும் தோன்றும். 1978-இல் வெளியான 'சூப்பர்மேன்' படத்துக்காக பைன்வுட் ஸ்டுடியோவில் நாயகனைப் பறக்கவைத்தது அந்த ஏற்பாடுதான்.