ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களும், மே 1 முதல் 18 வயது நிரம்பியவர்களும் வந்தார்கள். கல்லூரி மாணவர்களின் முறை கடைசியில் வந்தது நியாயம்தான்; நோய் முதியவர்களையே கடுமையாகத் தாக்கியது. ஆனால் இடையில் இருந்த மூன்றரை மாதம், ஒரு பல்கலைக்கழகம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் காலம். இன்னொரு பெருந்தொற்று வந்தால் அந்தக் காலத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று, காலாப்பட்டில் ஈ.சி.ஆர். ஓரமாக இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வேலை, ஆட்களை எண்ணுவது. மாணவர் சேர்க்கைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் சேர்த்தால் வளாகம் முழுதும் வந்துவிடாது. மெஸ்ஸில் சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள், தூய்மைப் பணியாளர்கள், வாயிற்காவலர்கள் ஆகியோரில் பலர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். பல்கலைக்கழகத்தின் கணினியில் அவர்கள் பெயரே இருக்காது. ஆனால் தொற்று பரவும் பாதையை வரைந்து பார்த்தால் அவர்கள்தான் நடுவில் நிற்கிறார்கள். ஓர் ஆய்வு மாணவர் நாளெல்லாம் சந்திப்பவர்களைவிட, சாம்பார் வாளியோடு நிற்பவர் ஒரு வேளையில் சந்திப்பவர்கள் அதிகம். மாணவர்களைவிட அவர்களில் பலருக்கு வயதும் கூடுதல், அதனால் ஆபத்தும் கூடுதல். பட்டியலின் தலைப்பில் அவர்கள் பெயர்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் அரசின் கோவின் தளத்தில் ஒரு கைப்பேசி எண்ணில் தொடக்கத்தில் 4 பேரைத்தான் பதிய முடிந்தது. வீட்டுக்கே ஒரு போன் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தடை. பதிவு செய்து கொடுக்க ஒரு மேசையும் இரண்டு மாணவர்களும் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

அடுத்தது நாற்காலிக் கணக்கு. ஊசி போட்டுக்கொண்டவர் 30 நிமிடம் கண்காணிப்பில் உட்கார வேண்டும். ஒரு மேசையில் 3 நிமிடத்துக்கு ஒருவருக்கு ஊசி என்றால் மணிக்கு 20 பேர். நான்கு மேசைக்கு 80 பேர். ஒவ்வொருவரும் அரை மணி நேரம் இருப்பதால் எந்த நேரத்திலும் 40 பேர் கண்காணிப்பு அறையில் இருப்பார்கள். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண் இது. இடைவெளி விட்டு 40 நாற்காலி போட இடமில்லாத அறையில் எத்தனை செவிலியரை நிறுத்தினாலும் வரிசை நகராது. ஆகவே முகாமுக்கு இடம் தேடும்போது ஊசி போடும் அறையைவிட அதற்கு அடுத்த அறையைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

அந்த அரை மணி எதற்கு? மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமைக்காக. ஆனால் இளைஞர்கள் கூடும் இடத்தில் அதைவிட அதிகம் நடப்பது மயக்கம். ஊசியைப் பார்த்த பயத்தில், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது. இதயத் துடிப்பு குறைகிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. ஆள் சரிகிறார். ஊசி குத்துவதற்கு முன்பே, வரிசையில் நிற்கும்போதே இது நடக்கலாம். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். ஒவ்வாமை அப்படியில்லை. மயங்கியவருக்கு நாடி மெதுவாக ஓடும், தோல் வெளுத்துச் சில்லென்று இருக்கும். ஒவ்வாமையில் நாடி வேகமாக ஓடும், தோலில் தடிப்பு எழும், மூச்சில் இழுப்பு கேட்கும். அதற்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே அட்ரினலின் போட வேண்டும். அதைப் போட்டபின் காலாப்பட்டிலேயே இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போவதா, கோரிமேட்டு ஜிப்மருக்கா என்பதை முகாமுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

மயக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒருவர் சரிவதைப் பத்துப் பேர் பார்த்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் இருவருக்குத் தலை சுற்றலாம். இது நடிப்பு அல்ல, உடல் உண்மையாகவே அப்படி நடந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 2019-இல் கையேடு வெளியிட்டது. மாலைக்குள் ‘பொண்ணுங்க ஹாஸ்டல்ல பத்துப் பேர் மயங்கிட்டாங்களாம்’ என்று வாட்ஸாப்பில் போய்விட்டால் மறுநாள் முகாம் காலியாகக் கிடக்கும். தடுக்கும் வழிகள் எளியவை: காலைச் சிற்றுண்டி முடித்தவர்களை மட்டும் அழைப்பது, நிற்க வைக்காமல் உட்கார வைப்பது, ஊசி போடும் மேசையை வரிசையின் கண்ணில் படாமல் திரையிட்டு மறைப்பது. காய்ச்சல், உடம்புவலி வரும் என்பதையும், கோவிஷீல்டு வகைத் தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக ரத்தம் உறையும் சிக்கல் உண்டு, கடும் தலைவலியோ கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் முகாமுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மலையாளத்திலும் ஒடியாவிலும் இந்தியிலும் சொல்ல வளாகத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

மருந்தைப் பற்றியும் கொஞ்சம். கோவிஷீல்டும் கோவாக்சினும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சூடு மட்டும்தான் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் உறைந்தாலும் கெட்டுவிடும். கோவாக்சினில் நோயெதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் அலுமினிய உப்பு, உறைந்தால் திரண்டு வீரியம் போய்விடும். அதனால்தான் செவிலியர் ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும், தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் வைப்பதில்லை. வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே வைக்கிறார்கள். சுவரில் பனி அடுக்கு வைத்த ஐ.எல்.ஆர். என்னும் தடுப்பூசிக் குளிர்பெட்டி, நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் இருந்தாலே குளிரைக் காத்துக்கொள்ளும். ஆனாலும் 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறிய பகுதி இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் எந்தத் திட்டமும் போடக் கூடாது.

ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கான மருந்து. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது முகாம்களின் விதியாக இருந்தது. சாயங்காலம் இரண்டு பேருக்காகக் குப்பியைத் திறந்தால் எட்டுப் பேருக்கானது வீண். ஊர் முகாம்களை வாட்டிய இந்தச் சிக்கலுக்கு வளாகத்தில் நல்ல விடை இருக்கிறது: விடுதிதோறும் ஒரு காத்திருப்புப் பட்டியல். வார்டனுக்கு ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் வந்துவிடுவார்கள்.

கடைசியாக நாள் கணக்கு. தடுப்பூசி போட்டதும் நிணநீர் முடிச்சுகளில் பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் பெருகி, தங்களைத் திருத்திக்கொண்டு, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பற்றும் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கப் பழகுகின்றன. அதற்கு வாரங்கள் ஆகும். இரண்டாவது ஊசி அந்தப் பழக்கத்தை உறுதியாக்குகிறது. அதன் பிறகும் இரண்டு வாரம் பொறுத்தால்தான் முழுப் பாதுகாப்பு. கோவிஷீல்டுக்கு 4 முதல் 6 வாரமாக இருந்த இடைவெளி 2021 மார்ச்சில் 6 முதல் 8 ஆகி, மே மாதத்தில் 12 முதல் 16 ஆனது. அதன்படி மே 1 அன்றே முதல் ஊசி போட்டுக்கொண்ட மாணவருக்கும் ஆகஸ்ட் 7-க்கு முன் முழுப் பாதுகாப்பு கிடையாது. கோவாக்சினுக்கோ இடைவெளி 4 முதல் 6 வாரம்தான். விடுதியைத் திறக்கும் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால், முதல் ஊசிக்கான நாள் தெரிந்துவிடும். ஆனால் இடைவெளி நடுவில் மாறக்கூடும் என்பதால், தேர்வுக் கால அட்டவணைபோல அதை அச்சடித்துவிடக் கூடாது.

இந்த நீண்ட இடைவெளிக்குள் விடுமுறை வந்துவிடும், பிள்ளைகள் கண்ணூருக்கும் கட்டாக்குக்கும் போய்விடுவார்கள். 2021-இல் இரண்டாவது ஊசியை நாட்டில் எங்கும் போட்டுக்கொள்ள முடிந்தது, ஆனால் அதே மருந்தாக இருக்க வேண்டியிருந்தது. எனவே முதல் ஊசியின்போதே ஒவ்வொருவரின் சொந்த மாவட்டம், போட்ட மருந்தின் பெயர், அடுத்த ஊசிக்கான நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு, அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு துறையிலிருந்து ஒருவர் அழைத்து நினைவுபடுத்த வேண்டும். குறுஞ்செய்தி போதாது, அழைத்தால்தான் ‘அந்த மருந்து எங்க ஊர்ல கிடைக்கல மேடம்’ என்ற பதில் காதில் விழும், வேறு மையம் தேடிக் கொடுக்கவும் முடியும்.